வாடகைக்குள்ள லைட்டும் தண்ணியும்

"இண்டைக்குத் தேதியக் குறிச்சி வைங்க. கல்முனை டவுனுக்குள்ள, ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடு தூரத்தில, லைட் பில்லும் தண்ணிப் பில்லும் வாடகைக்குள்ளேயே அடங்கின ஊடு ஒண்டு எனக்குக் கிடைக்கப் போகுது. அதுவும் எப்பிடி? ஊட்டுக்காரனே இந்தக் கடப்படியில வந்து நிண்டு, 'தயவு செஞ்சி என்ட ஊட்டுக்கு வாங்க, மெசினை ஆசை தீர ஓட்டுங்க' எண்டு கெஞ்சப் போறான். கெஞ்சல்லயா, என்ட பேர மாத்துங்க!"

சொன்னவர் காலிதீன். வெறும் காலிதீன் என்று கேட்டால் சாய்ந்தமருதில் நாலு பேர் வந்து நிற்பார்கள்; மீற்றர் காலிதீன் என்றால் இவர் ஒருவர்தான். ஆவணி மாதத்துக் கச்சான் காற்று அன்று அடித்த அடியில் துவைத்த சாரன் பிழிவதற்குள் காய்ந்து, மடிப்பதற்குள் நிறம் வெளுத்துப் போனது. அந்தக் காற்றையும் மீறி அவருடைய குரல் மூன்று வளவுகளுக்குக் கேட்டது.

கீரி மீன் கொண்டுவந்த பக்கத்து வீட்டு ஹுஸ்னியா சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"காக்கா, அந்த ஊட்டுக்காரன் உங்களுக்குச் சம்பளமும் தருவானாமா?"

"தருவான். நான்தான் வேணாமெண்டுவன்."

குசினி வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த முனவ்வறா சிரிக்கவில்லை. சிரிப்பது அவளுக்குச் செலவு. மூக்கில் கிடந்த ஒட்சிசன் குழாயைச் சரிசெய்துகொண்டு, மூச்சை எட்டிப் பிடித்துச் சொன்னாள்:

"இஞ்சருங்க, அந்த வாயக் கொஞ்சம் ஓப் பண்ணுங்க. அதுக்கும் பில்லு வரும்."

முப்பத்தொரு வருடம் காலிதீன் வீடு வீடாகப் போய் மின்சார மீற்றர் பார்த்தவர். அந்தக் காலத்தில் அவர் சைக்கிள் மிதித்த தூரத்தை நேராக நீட்டினால் மக்காவுக்குப் போய் ஹஜ்ஜை முடித்து ஊருக்குத் திரும்பி, பேரீச்சம்பழம் வாங்க மறந்துவிட்டதென்று இன்னொரு தடவை போய் வரலாம். கோமாரியில் ஒரு மீற்றர்ப் பெட்டிக்குள் பன்னிரண்டடி நாகம் குடும்பம் நடத்தியதாகவும், அதற்குச் சலாம் சொல்லித் தலையைக் கொஞ்சம் விலக்கச் சொல்லி நம்பரைப் பார்த்ததாகவும் அவர் சொல்லுவார். முனவ்வறா கோமாரியில் கலியாணம் முடித்திருந்த ஒரு பெண்ணிடம் விசாரித்துப் பார்த்தாள். பல்லி. அதுவும் செத்த பல்லி.

முனவ்வறாவின் நெஞ்சு, நெல் அவித்த நெஞ்சு. இருபத்திரண்டு வருடம் பின்வளவில் உமியடுப்பு மூட்டி, ஆள் இறங்கிக் குளிக்கக்கூடிய கிடாரத்தில் நெல் அவித்து, பாயில் காயவைத்து மில்லுக்கு அனுப்பியவள். அந்தப் புகை ஊரின் தென்னைகளை எல்லாம் கறுப்பாக்கியது என்று காலிதீன் சொல்லுவார், அது பொய். அவளுடைய நுரையீரலைக் கறுப்பாக்கியது என்று டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார், அது உண்மை. நெல் அவித்த காசில்தான் இந்த வீட்டுச் சுவர் எழும்பியது. ஒரு நாளைக்குப் பதினாறு மணித்தியாலம் ஒட்சிசன் வேண்டும் என்று டொக்டர் எழுதிக் கொடுக்க, கொரோனாக் காலத்தில் பள்ளிவாசலுக்கு வந்திருந்த மெசின் ஒன்றை நிருவாகத்தார் அவளுக்குக் கொடுத்தார்கள். ஒரு சின்ன அலுமாரி அளவு. ஓடத் தொடங்கினால் சோற்றுப் பானை கொதிக்கிற மாதிரி ஓயாத சத்தம்.

இதுவரைக்கும் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மூன்று கிழமைக்கு முன்னர் மகள் ஹிமாயாவுக்குக் கலியாணம் முடிந்தது. இந்தக் கரையில் வீடு என்றால் அது பெண்ணுக்கு. மகள் பேரில் எழுதி, மாப்பிள்ளை வந்து புகுந்ததும், உம்மாவும் வாப்பாவும் பின்வளவில் ஒரு கொட்டிலுக்கோ, பக்கத்தில் ஒரு துண்டு வளவுக்கோ ஒதுங்கிவிடுவார்கள். யாரும் போகச் சொல்வதில்லை. சொல்ல முதல் போவதுதான் மரியாதை. முனவ்வறாவின் உம்மா அப்படித்தான் போனாள். ஆனால் இவர்களுடையது ஐந்து பேர்ச் வளவு. வீடு, கிணறு, குசினி, மிச்சத்துக்கு ஒரு முருங்கை. கொட்டில் போடுவதென்றால் கிணற்றுக்கு மேலேதான் போடவேண்டும்.

ஆகவே வாடகை வீடு. வாடகை வீடென்றாலும் கண்ட கண்ட வீடு சரிவராது. "பில்லு மாசத்துக்கு ஒரு மாதிரி வரும், பென்சன் ஒரே மாதிரித்தான் வரும்" என்பது காலிதீனின் கணக்கு. மெசினையும் வைத்துக்கொண்டு தனி மீற்றர் உள்ள வீட்டுக்குப் போனால், வாடகையை விடப் பில் பெரிதாக வந்து நிற்கும். லைட்டும் தண்ணியும் வாடகைக்குள்ளேயே இருக்கவேண்டும். படி ஏற ஏலாதபடியால் கீழ் வீடாக இருக்கவேண்டும். ஆஸ்பத்திரி கிட்ட இருக்கவேண்டும். இத்தனையும் சேர்ந்த வீடு கல்முனையில் இருக்கிறதென்பதும் பெட்டிக்குள் நாகம் இருக்கிறதென்பதும் முனவ்வறாவுக்கு ஒன்றுதான்.

மறுநாள் காலையிலேயே அவர் சைக்கிளை எடுத்தார்.

"ஊட்டுக்காரன் தேடி வருவான் எண்டீங்க?"

"அவனுக்கு நம்மட வழி தெரியாதே. ஆளக் காட்டிட்டு வாறன்."

வாடகைக்கு என்று எழுதித் தொங்கவிட்ட பலகைகளை அவர் பார்ப்பதில்லை. மீற்றரைத்தான் பார்த்துக்கொண்டு போவார். ஒரு மீற்றரும் நாலு கதவும் உள்ள கட்டிடம் எதுவோ, அங்கே பில்லைப் பிரிக்க வழியில்லை. அங்கேதான் லைட் வாடகைக்குள் இருக்கும். இதை ஊரில் வேறு எந்தத் தரகருக்கும் தெரியாது என்று ஏழு ஊர்த் தரகர்களிடமும் சொல்லிவிட்டு வந்தார்.

பின்னேரம் திரும்பி வந்து, பிளேன்டீயை உறிஞ்சிக்கொண்டு அறிக்கை வாசிப்பார்.

"மருதமுனையில ஒண்டு பார்த்தன் புள்ள. யன்னலைத் திறந்தாக் கடல் உள்ள வந்து சலாம் செல்லும்."

"எத்தின யன்னல்?"

"ஒண்டு."

"அது எங்க பார்க்குது?"

"பக்கத்து ஊட்டுச் சுவரைத்தான் பார்க்குது. ஆனா அந்தச் சுவருக்கு அங்கால கடல்தான்."

அடுத்த நாள்: "டவுனுக்குள்ள ஒண்டு. லைட் உள்ளுக்குத்தான். ஆனா சட்டம் வெச்சிரிக்கான். ரெண்டு பல்ப், ஒரு பேன். பிரிட்ஜ் கூடாது. அயன் கூடாது. போன் சார்ஜ் பண்றதெண்டா ஆளுக்கு ஒருக்கா. மெசின் எண்டன். 'ஏன் காக்கா, ஐஸ் பக்டரியா நடத்தப் போறீங்க?' எண்டு கேக்கிறான்."

"நீங்க என்ன செல்லினீங்க?"

"ஐஸ் இல்ல, நான் மழை செய்யிற எண்டன். கதவைச் சாத்திட்டான்."

முனவ்வறா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இந்த மனிதனோடு முப்பத்தைந்து வருடம். அவர் கொண்டுவரும் கதையில் உமியைப் புடைத்துப் புடைத்து அரிசியை எடுப்பது அவளுடைய வேலை. இந்தக் கிழமை புடைக்கப் புடைக்க உமிதான் பறந்தது.

எட்டாம் நாள் சுபஹ் தொழுதுவிட்டு வந்தவர், விறாந்தைச் சுவரில் இருந்த சொந்த மீற்றருக்கு முன்னால் நின்றார். வேலையை விட்ட பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மற்றவர்கள் பத்திரிகை பார்ப்பார்கள், அவர் மீற்றர் பார்ப்பார். வழக்கத்தில் ஒரு பார்வைதான். அன்று நின்றவர் நின்றபடி நின்றார். பிறகு குசினிக்குள் வந்து, அடுப்படியில் கிடந்த பலகையில் உட்கார்ந்தார்.

"முனவ்வறா. நேத்து இந்நேரத்துக்கும் இப்பைக்கும் அஞ்சு யுனிட் ஓடியிரிக்கி."

"குறைவுதானே. நல்லம்தானே."

"மெசினுக்கு மட்டும் ஆறு வரோணும். பிரிட்ஜ், பேன், பல்ப் எல்லாம் சேர்த்து இன்னொரு மூண்டு. ஒம்பது ஓட வேண்டிய இடத்தில அஞ்சு. நாலு எங்க?"

புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்த அவளுடைய கை நின்றது.

"நான் வெளிய போன பிறகு நீ நிப்பாட்டுறாய். ராவையில நான் உறங்கின பிறகும் நிப்பாட்டுறாய். ஒரு நாளில பதினொரு மணித்தியாலம் மூச்சில்லாம இருந்திரிக்காய்."

"கொஞ்ச நேரம்தான்..."

"மீற்றர் பொய் செல்லாது புள்ள."

"ஓம். இந்த ஊட்டுல பொய் செல்லாதது அது ஒண்டுதான்."

அவர் சிரிக்கவில்லை. அவளுடைய நகத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். நாவற்பழத்தைத் தொட்டவள் போல நீலம் பாரித்திருந்தது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"புதுசா முடிச்ச புள்ளயள்" என்றாள் கடைசியில், ஒவ்வொரு சொல்லாக. "சுவருக்கு அங்கால அவங்க கதைக்கிறது எனக்குக் கேக்குது. அப்ப என்ட மெசின் அவங்களுக்குக் கேக்காதா? அவங்க சத்தமா ஒரு சிரிப்புச் சிரிச்சாக்கூட, உம்மா உறங்குறா எண்டு ஹிமாயா வாயப் பொத்துறா. மறுகா அந்தப் பில்லு. வந்து ஒரு மாசம் ஆகல்ல, மருமகன்ட தலையில அதைக் கட்டலாமா? அவர் ஒண்டும் செல்லமாட்டார். அதுதான் எனக்கு ஏலாம இரிக்கி."

"அதுக்காக மௌத்தாகப் போறியா?"

"ஊடு கிடைச்சாப் போடுறன். கிடைக்கிற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாப் போடுறன்."

"மெசினைப் போடு."

"இப்ப..."

"போடு எண்டன்."

இத்தனை வருடத்தில் அவர் அந்தக் குரலில் பேசி அவள் கேட்டதில்லை. அவள் சுவிட்சைப் போட்டாள். பானை கொதிக்கும் சத்தம் வீட்டை நிறைத்தது. அவர் புட்டைத் தின்னாமல் எழும்பி, முகம் கழுவி, ஓட்டோ ஒன்றைக் கூட்டிவந்தார்.

"எங்க?"

"நீயும் வா. ஒரு கட்டிடம் ஞாபகம் வந்திட்டுது. ஒரு மீற்றர், மூண்டு கதவு."

ஆஸ்பத்திரிக்குப் பின்ரோட்டில், கனகரெத்தினம் மாஸ்டரின் மாடி வீடு. காரைதீவில் பிறந்து, கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்று, டவுனில் வீடு கட்டி மேலே தானும் மனைவி மீனாம்பிகையும் இருந்துகொண்டு, கீழே இரண்டு பகுதிகளை வாடகைக்கு விட்டவர். காலிதீனுக்கு அவரை அந்தக் காலத்திலேயே தெரியும். மாஸ்டர் மீற்றர் பார்க்க வருகிறவனிடமும் பெருக்கல் கேட்பார்.

பயணத்துக்கென்று வைத்திருந்த சின்னச் சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு முனவ்வறா இறங்கினாள். கீழே ஒரு பகுதி காலியாகக் கிடந்தது. இரண்டு அறை, நின்று சமைக்கும்படி கல் பதித்த குசினி, உள்ளேயே குளியலறை. வாசலில் படியே இல்லை. அறை யன்னலுக்கு வெளியே ஒரு கொய்யா. முனவ்வறா அந்த யன்னலருகில் ஒரு கட்டிலையும், கட்டிலருகில் மெசினையும் மனதுக்குள் வைத்துப் பார்த்துவிட்டாள். பார்த்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

மீனாம்பிகை மேலேயிருந்து தேத்தண்ணி கொண்டுவந்தாள். எண்ணெய் மணத்தது. இரண்டு காலிலும் துணி சுற்றியிருந்தது.

"கால்ல என்ன அக்கா?" என்று முனவ்வறா கேட்டாள்.

"நரம்புக் கோளாறாம் தங்கச்சி. கிணத்தடிக்குப் போனாப் போதும், கால் விறுவிறுக்குது. ஆறு மாசமா எண்ணெய் பூசுறன். பரியாரி என்ட காசில ஊடு கட்டிப்போட்டார், எனக்கு விறுவிறுப்பு நிக்கல்ல."

காலிதீன் வாடகையை விசாரித்தார்.

"இருபதாயிரம்" என்றார் மாஸ்டர். "லைட், தண்ணி எல்லாம் உள்ளுக்க. ஆனா எவ்வளவு காலத்துக்கு இப்பிடிக் குடுக்கலாம் எண்டு தெரியல்ல காலிதீன். லைட் பில் மாசம் மாசம் ஏறுது. பின்னுக்கு இருந்தவன் களவா கரண்ட் அடுப்பு வெச்சிருக்கான் எண்டு நினைச்சி அவனை ஊட்டால எழுப்பினன். அவன் போயும் குறையல்ல. இப்ப நாங்க பேனையும் நிப்பாட்டிப்போட்டு வேர்த்துக்கொண்டிருக்கிறம்."

முனவ்வறா கணவனையே பார்த்தாள். பொய் வந்து வாய்க்குள் நிற்கும்போது அவருடைய இடது புருவம் ஒரு நூல் உயரும். உயர்ந்தது. இப்போது சொல்லுவார்: மெசினா, அது ஒரு றேடியோ அளவு மாஸ்டர், அதுக்குப் பசியே இல்லை. அவர் சொன்னால் தானே குறுக்கிட்டு உண்மையைச் சொல்வதா, பேசாமல் இருந்து அந்த யன்னலை எடுத்துக்கொள்வதா என்று அவளுக்கு விளங்கவில்லை. பேசாமல் இருந்துவிடுவேன் போலத்தான் இருக்கிறது என்று பட்டது.

புருவம் இறங்கியது.

"மாஸ்டர், இவவுக்கு ஒட்சிசன் மெசின் ஒண்டு இரிக்கி. ஒரு நாளைக்குப் பதினாறு மணித்தியாலம் ஓடோணும். ஆறு யுனிட். மாசம் நூற்றியெண்பது. கூடலாம், குறையாது."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிச் சாரனில் துடைத்தார். பெருக்கிப் பார்க்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

"நீ சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"ஒரு மாசத்தில தெரிஞ்சிரிக்கும் மாஸ்டர்."

"ஓம். அதுவும் சரிதான்." அவர் முனவ்வறாவின் பக்கம் திரும்பினார். "கோவிக்காதீங்க தங்கச்சி. மனமில்லாம இல்ல. என்ட பென்சனும் பென்சன்தானே. இப்ப வாற பில்லுக்கே கழுத்து முறியுது."

"ஆர் கோவிக்கிற மாஸ்டர்" என்றாள் முனவ்வறா. "நீங்க முகத்துக்கு நேர செல்றீங்க. மத்தவங்க கதவால செல்லினாங்க."

எழும்பி வாசலுக்கு வந்தாள். சிலிண்டர் முள் சிவப்புக்குக் கிட்ட வந்துவிட்டது. ஓட்டோக்காரன் எஞ்சினைப் போட்டான். காலிதீனைக் காணவில்லை. எட்டிப் பார்த்தால், மாடிப் படிக்குக் கீழே மீற்றருக்கு முன்னால் மூக்கு முட்ட நின்று, மணிக்கூட்டைப் பார்ப்பதும் மீற்றரைப் பார்ப்பதுமாக இருக்கிறார்.

"இஞ்சருங்க! எனக்கு மூச்சு முடியுது, நீங்க ஆருட மீற்றரைப் பார்க்கிறீங்க?"

"ஒரு நிமிசம் புள்ள. மாஸ்டர், மேல என்ன ஓடுது இப்ப?"

"ஒண்டுமில்ல, கீழ மத்தப் பகுதியும் பூட்டிக் கிடக்கு. பிரிட்ஜும் போன கிழமை வித்தாச்சு."

"அப்ப இந்தத் தட்டு ஆருக்காகச் சுத்துது?"

மாஸ்டர் வந்து குனிந்து பார்த்தார். கண்ணாடிக்குள் அந்த வட்டத் தட்டு, சந்தைக்குப் பிந்தியவனைப் போல ஓடிக்கொண்டிருந்தது.

"கிணத்து மோட்டருக்கு வயர் எதால போகுது?"

"மண்ணுக்குள்ளால. பழைய வயர். ட்ரிப் சுவிட்ச் ஒண்டு இருந்தது, சும்மா சும்மா விழுகுது எண்டு அதைக் கழட்டச் சொல்லிட்டன்."

காலிதீனின் முகம் மாறியது. "அந்த லைன்ட பியூஸை இப்பவே கழட்டுங்க. வயர்மேன் வந்து மண்ணைக் கிண்டிப் பார்க்கிற வரைக்கும் போட வேணாம். அக்காவ கிணத்தடிக்கு விடாதீங்க. அந்தக் கால் விறுவிறுப்பு நரம்பில்ல மாஸ்டர், மண்ணுக்க ஒழுகுற கரண்ட்."

அதற்குமேல் நிற்க நேரமில்லை. முனவ்வறாவின் உதடு கறுத்துக்கொண்டு வந்தது. ஓட்டோ டவுனைத் தாண்டும்வரை அவர் சிலிண்டர் முள்ளைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து மெசினை மாட்டி, அவளுக்கு மூச்சு சமனான பிறகுதான் அவள் கேட்டாள்:

"பொய் வரல்லயா உங்களுக்கு?"

"வந்தது. பல்லு வரைக்கும் வந்தது."

"பிறகு?"

"வாயால என்னவும் செல்லுவன் முனவ்வறா. நம்பரில செல்லமாட்டன். முப்பத்தொரு வருசம் ஆருட மீற்றரிலயும் ஒண்டைக் கூட்டியும் எழுதல்ல, குறைச்சும் எழுதல்ல. இண்டைக்கு உனக்காக எழுதப் பார்த்தன். கை வரல்ல." சிலிண்டரைச் சுவரோரம் வைத்துவிட்டு, "என்னை மன்னிச்சிக்க" என்றார்.

அதற்குப் பிறகு வீட்டில் விழுந்த அமைதிக்கு மெசின் மட்டும்தான் காவல். காலிதீன் சைக்கிளைத் தொடவில்லை. மெசினுக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார், தொழுகைக்குத்தான் எழும்புவார். நாகம் இல்லை, மழை செய்கிற மெசின் இல்லை, கடல் உள்ளே வருகிற யன்னல் இல்லை. நாலு நாளாக அவர் வாயிலிருந்து ஒரு பொய் வரவில்லை. ஹுஸ்னியா பயந்துபோய், "காக்காவுக்கு என்ன வருத்தம் ராத்தா, டொக்டருக்குக் காட்டினீங்களா?" என்று கேட்டாள். முனவ்வறாவுக்கும் அந்தப் பயம்தான் உள்ளே கிடந்தது. மனிதன் கதை விடும்வரை வீட்டில் ஏதோ ஒரு வழி மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். இப்போது அவர் உண்மையை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மருமகன் அஸ்கி டவுனில் போன் கடையில் வேலை செய்கிறவன். மதியச் சோற்றுக்கு வந்தவன், கை கழுவிவிட்டுக் குசினி வாசலில் நின்றான்.

"மாமி, நீங்க ஒரு இடமும் போக வேணாம். அந்தச் சத்தம் எங்களுக்குப் பழகிட்டுது. சத்தியமா."

"மகன், உங்கட உம்மா இப்ப எங்க இரிக்கா?"

அவனுடைய உம்மா மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பின்வளவில் தகரக் கொட்டிலில் இருந்தாள்.

"அவ போன மாதிரித்தான் நானும். நீங்க துரத்தி நாங்க போகல்ல. அதுதான் இதில உள்ள சந்தோசம். அதை நீங்க பறிக்காதீங்க."

உள்ளேயிருந்து ஹிமாயா, "அப்ப மெசினை நிப்பாட்டி மௌத்தாகிறதுதான் சந்தோசமா உம்மா?" என்று அழுகையோடு கத்தினாள். வாப்பா அவளிடம் சொல்லிவிட்டார் போல.

ஐந்தாம் நாள். அஸர் தொழுகைக்குக் காலிதீன் பள்ளிக்குப் போயிருந்தார். ஹிமாயா உள்ளே தொழுதுகொண்டிருந்தாள். முனவ்வறா கதிரையில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, வளவு வாசல் கடப்படியில் சைக்கிள் மணி கேட்டது. குடையை ஹாண்டிலில் கொழுவி, கரியரில் ஒரு வாழைக்குலையைக் கட்டிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்துக் கனகரெத்தினம் மாஸ்டர் நின்றார்.

"காலிதீன் இல்லையா தங்கச்சி?"

"பள்ளிக்குப் போயிட்டார் மாஸ்டர். உள்ள வாங்க, ஏன் வெயில்ல?"

"இல்ல, நான் நிண்டே சொல்லிப்போடுறன்." சைக்கிளைப் பிடித்தபடியே தொடர்ந்தார். "அண்டைக்கு அந்தப் பியூஸைக் கழட்டினன். தட்டு நிண்டுட்டுது, அப்பிடியே செத்த மாதிரி நிண்டுட்டுது. வயர்மேன் நேத்துத்தான் வந்தவன். மண்ணைக் கிண்டினான். வயர்ல தோலே இல்ல தங்கச்சி. என்ட மனிசி நிண்டு குளிக்கிற கல்லுக்குக் கீழால போகுது. மாரி மட்டும் வந்திருந்தா..."

முனவ்வறா கீரையைக் கீழே வைத்தாள்.

"அல்லாஹ் காப்பாத்தினான் மாஸ்டர். அக்காட கால்?"

"விறுவிறுப்பு ஒரே நாளில போயிட்டுது. எண்ணெய்ப் போத்தல் நாலு மிச்சம் கிடக்கு, ஆருக்குக் குடுக்கிற எண்டு யோசிக்கிறா." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "கணக்குப் பார்த்தன். நாளைக்குப் பத்து யுனிட் அந்த மண் குடிச்சிருக்கு. உங்கட மெசினுக்கு ஆறுதானே? மண்ணுக்குக் குடுத்ததை மனிசருக்குக் குடுப்பம். அதே இருபதாயிரம், லைட், தண்ணி உள்ளுக்க. உங்கட அவர் அண்டைக்குப் பொய் சொல்லியிருந்தா நான் ஊட்டைத் தந்திருப்பன், அவர் மீற்றரைத் திரும்பியும் பார்த்திருக்க மாட்டார். தயவு செய்து வாங்க தங்கச்சி. மெசினை எவ்வளவு வேணுமெண்டாலும் ஓட்டுங்க."

முனவ்வறா எழும்பி நின்றாள். குழாய் நீளுமட்டும் கடப்பை நோக்கி நடந்தாள். குழாய் முடிந்த இடத்தில் நின்றாள்.

"ஒண்டே ஒண்டு" என்றார் மாஸ்டர், சங்கடத்தோடு. "மனிசி விரதக்காரி. மாட்டிறைச்சி மட்டும்..."

"எனக்கு அதை டொக்டர் எப்பவோ நிப்பாட்டிட்டார் மாஸ்டர். அவருக்கு ஆசை வந்தா மகள்ட ஊட்டுக்கு வந்து தின்னட்டும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குக் கேட்டது. மகள்ட ஊடு. இருபத்திரண்டு வருடத்து நெல்லாலும் புகையாலும் எழுப்பிய சுவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சுவர் சுவராகவே நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மாஸ்டரிடமிருந்து வாழைக்குலையை வாங்கினாள். காலிதீனைக் கண்டு போகச் சொன்னாள், அவர் கேட்கவில்லை. இருட்ட முதல் போகவேண்டும், கண் சரியில்லை என்று சைக்கிளில் ஏறினார்.

காலிதீன் திரும்பி வந்தபோது ஹுஸ்னியா இடியப்பத் தட்டுக் கேட்டு வந்து நின்றாள். அவரைப் பழையபடி பேசவைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் அவள் வாயைக் கொடுத்தாள்.

"என்ன காக்கா, கெஞ்சிக்கொண்டு வாறன் எண்ட ஊட்டுக்காரன் இன்னும் வந்து சேரல்லயா? வழியில டயர் போயிட்டுதா?"

காலிதீன் தொப்பியைக் கழற்றி மடித்தார். பலகையில் உட்கார்ந்தார். அவருடைய புருவம் அசையவில்லை.

"இல்ல ஹுஸ்னியா. அது நான் சும்மா செல்லின. இவவுக்கு மனசு விட்டுப் போகக்கூடாது எண்டு செல்லின. அப்பிடி ஆரு வருவான்?"

ஹுஸ்னியாவுக்கு முகம் விழுந்துபோனது. தட்டை எடுத்துக்கொண்டு திரும்பப் பார்த்தாள்.

"நில்லு கா" என்றாள் முனவ்வறா.

மூக்குக் குழாயை ஒரு விரலால் விலக்கினாள். சொல்லவேண்டியதை இடையில் அறுந்துபோகாமல் சொல்ல, மூச்சை ஆழமாக இழுத்துச் சேர்த்துக்கொண்டாள்.

"வந்தார். கனகரெத்தினம் மாஸ்டர். அந்தக் கடப்படியில நிண்டார், உள்ள வாங்க எண்டும் வரல்ல. தயவு செய்து வாங்க எண்டார். லைட்டும் தண்ணியும் வாடகைக்குள்ள எண்டார். மெசினை எவ்வளவு வேணுமெண்டாலும் ஓட்டுங்க எண்டார்."

காலிதீன் வாயைத் திறந்தார். முப்பத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக அதற்குள் ஒன்றும் இருக்கவில்லை.

"பகிடியா புள்ள?" என்றார்.

"நான் எப்ப பகிடி விட்ட?" என்றாள் முனவ்வறா. "என்ட ரெண்டு கண்ணாலயும் பார்த்த. நீங்க செல்லின மாதிரியேதான் நடந்தது."